டிவிடி டிரைவ் மறுபடி மறுபடி பிஐஓ மோடுக்கே இறங்குகிறது

வணக்கம். விண்டோஸ் எக்ஸ்பி, ஐடிஇ (தட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) டிவிடி ரைட்டர், செகண்டரி சேனலில் (மதர்போர்டின் இரண்டாவது ஐடிஇ இணைப்பில்) மாஸ்டர். டிவைஸ் மேனேஜரில் 'டிஎம்ஏ இருந்தால் பயன்படுத்து' என்றுதான் தேர்வாகியிருக்கிறது (டிஎம்ஏ என்றால் பிராசஸரைச் சுமக்கவிடாமல் டேட்டா நேரே மெமரிக்குப் போகும் முறை). அதற்குக் கீழே நடப்பு மோடு மட்டும் பிஐஓ, அதாவது பிராசஸர் வழியே டேட்டா போகும் மெதுவான முறை! டிஸ்க் எரிக்கும்போது பஃபர் (டேட்டா காத்திருக்கும் தற்காலிக இடம்) சட்டென்று காலியாகி நிரம்புகிறது, மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்கிறது. 16 எக்ஸ் வேகத்தில் எரிக்க நொடிக்குச் சுமார் 22 எம்பி வேண்டும். பிஐஓ மோடு 4-இன் உச்சமே 16.7. போதாததற்கு டேட்டா முழுவதையும் பிராசஸரே சுமக்க வேண்டும்.

டைம்அவுட் (பதில் தாமதம்), சிஆர்சி (டேட்டா சிதைவு) பிழைகள் ஆறு சேர்ந்தால் எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாக இறக்கிவிடும், தானாக ஏற்றாது. எனவே செகண்டரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தாயிற்று. யுடிஎம்ஏ (டிஎம்ஏவின் வேகமான வகை) மோடு 2 வந்தது. கீறல் விழுந்த டிஸ்க் ஒன்றைப் படித்ததும் பழைய கதைதான். 40 கம்பி கேபிளுக்குப் பதில் 80 கம்பி போட்டும் மாற்றமில்லை (மோடு 2-க்கு 40 கம்பியே போதும், இருந்தாலும்). ஜம்பர் சரி, பயாஸில் ஆட்டோ.

ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சேனலுக்கு 'ரீசெட்எரர்கவுன்டர்ஸ்ஆன்சக்சஸ்' என்ற டிவேர்டை (எண் மதிப்பு; ஒரு முறை சரியாகப் படித்தால் பிழைக் கணக்கைப் பூஜ்யமாக்கும்) 1 என்று வைத்தவர்கள் உண்டா? கீறல் டிஸ்க்குகளை அது தாங்குகிறதா, இல்லை டிரைவின் லென்ஸையே சந்தேகிக்க வேண்டுமா? சிப்செட் டிரைவரை மாற்றிச் சரியானவர்களும் சொல்லுங்கள்.