மடல் பொருள்: 'ஃபங்கல் ஆக்னி சேஃப்' – தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்குவாலேன் என்னும் எண்ணெய்ப்பசைப் பொருள் சேர்ந்த ஒரு முகக் கிரீமின் அட்டைப்பெட்டிக்குத் தமிழ் வரிகள் எழுதுகிறேன். 'ஃபங்கல் ஆக்னி சேஃப்' என்ற இடத்தில் நேற்று மாலையிலிருந்து நிற்கிறேன். 'பூஞ்சைப் பருவுக்குப் பாதுகாப்பானது' என்று எழுதினேன். படித்துப் பார்த்த அக்கா, "பருவை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டார். 'வாடா மலர்' போல 'பூஞ்சையூட்டாக் கிரீம்' எனலாமா?

---

> 'பூஞ்சையூட்டாக் கிரீம்' எனலாமா?

அக்காவுக்கு என் வணக்கம். ஆனால் கோளாறு 'பரு'விலேயே தொடங்குகிறது. இது பரு அன்று. மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை மயிர்க்காலுக்குள் பெருகுவதால் வரும் அழற்சி. நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவுப் பொடிக் கொப்புளங்களாக எழும்பி அரிக்கும். பருவோடு வரும் கரும்புள்ளி இதில் இராது. தேமலிலும் பொடுகிலும் கைவரிசை காட்டுவது இதே ஈஸ்ட்தான். பார்வைக்கு வேர்க்குருவைப் போலிருப்பதால் பலர் பவுடரைக் கொட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தச் சாயலையே பிடித்துக்கொண்டு 'பூஞ்சைக்குரு' என்றால் என்ன? மருத்துவ நூலுக்கு 'பூஞ்சை மயிர்க்கால் அழற்சி' இருக்கட்டும்.

'ஊட்டா' எனக்கு ஒப்பவில்லை. பாலூட்டி பாலை ஊட்டுகிறது. அந்த வழியில் பூஞ்சையூட்டி பூஞ்சையை அல்லவா ஊட்டும்? நமக்கு வேண்டியது நான்காம் வேற்றுமை. கோழிக்குத் தீனி கோழித்தீனி என்றால், பூஞ்சைக்குத் தீனி பூஞ்சைத்தீனி.

தீனி என்பது வெறும் உவமையும் அன்று. இந்த ஈஸ்டால் கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. வெளியிலிருந்து உண்டுதான் ஆக வேண்டும். ஆய்வகத்தில் இதை வளர்க்க வளர்ப்பு ஊடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள், அல்லது கொழுப்பமிலம் சேர்த்துச் செய்த பாலிசார்பேட் என்னும் பால்மமாக்கியைக் கலப்பார்கள். ஏறத்தாழ 11 முதல் 24 கார்பன் வரை நீண்ட கொழுப்பமிலங்கள் இதற்குப் பிடித்தவை. தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன். அதே தேங்காயிலிருந்து பிரித்த 8, 10 கார்பன் எண்ணெய் தீனியாவதில்லை. ஸ்குவாலேனும் அப்படித்தான்: ஆலிவிலிருந்து எடுத்தாலும் அது ஹைட்ரோகார்பன், கொழுப்பமிலமே கிடையாது. எந்த மரத்திலிருந்து வந்தது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால்தான் 'பாதுகாப்பானது' என்ற மழுப்பல் வேண்டாம் என்கிறேன்.

---

'பூஞ்சைக்குரு'வை அப்படியே எடுத்துக்கொண்டேன். அக்காவும் ஒரே மூச்சில் படித்துவிட்டார். 'தீனி' கட்டுரைக்கு நன்று. முகக் கிரீமின் பெட்டியில் போட்டால் மாட்டுத்தீவனக் கடை வாசனை அடிக்கும். 'பூஞ்சைக்கு உணவாகாது' என்று ஒரு வரியாக எழுதிவிட்டேன்.

எழுதிய பிறகு, உங்கள் மடலை வைத்துக்கொண்டு சேர்பொருள் பட்டியலை மறுபடி பார்த்தேன். ஸ்குவாலேனுக்கு இரண்டு பெயர் தள்ளி பாலிசார்பேட் 60 உட்கார்ந்திருக்கிறது. 'பூஞ்சைக்கு உணவாகாது' என்ற வரியை எடுத்துவிடுங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.