மறுமொழி: பிளாஸ்ட் கேபினெட் – தமிழில் எப்படி?

அன்பர்களுக்கு வணக்கம். துருப்பிடித்த பாகத்தை மூடிய பெட்டிக்குள் வைத்து, கையுறை வழியே கைவிட்டுப் பிடித்து, காற்றழுத்தத்தால் துகள்களை அடித்துச் சுத்தம் செய்யும் கருவிதான் பிளாஸ்ட் கேபினெட். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் பேச்சுக்கு என் பதில் இது.

> மணல்வீச்சுப் பேழை என்றே வைத்துக்கொள்ளலாமே. மணல்வீச்சு ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே?

ஐயா, பேழையைவிட மணல்தான் அதிகம் உறுத்துகிறது. வீட்டில் பழைய அம்பாசடரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இந்தப் பெயரைப் படித்தால் என்ன செய்வார்? வீடு கட்டி மிஞ்சிய தென்பெண்ணை மணலைச் சலித்து உள்ளே கொட்டுவார். ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிக்கா, அது வேகமாக மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் தங்கிவிடும், சிலிக்கோசிஸ் என்ற அந்த நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த வழியில்லை. வார்ப்புப் பொருட்களை மணலடித்துச் சுத்தம் செய்வதை பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்துவிட்டது. 1870இல் டில்மன் என்பவர் அமெரிக்காவில் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கிய காலத்தில் மணல்தான் இருந்தது, சாண்ட்பிளாஸ்டிங் என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. புதிதாகப் பெயர் வைக்கிற நாம் அதை ஏன் சுமக்க வேண்டும்?

என் பரிந்துரை: குருணைவீச்சுப் பெட்டி. வயலுக்குக் குருணை மருந்து போடுகிற கடலூர்க்காரர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அலுமினியம் ஆக்சைடு, இரும்புக் குருணை, நம் தென்கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கார்னெட் என்ற கனிமம் எல்லாம் இதற்குள் அடங்கும். கண்ணாடி மணி மட்டும் உருண்டை, அதை மணி என்றே விடலாம், அதன் வேலையும் வேறு: கனத்த துருவைக் கிள்ளாது, அலுமினியப் பாகங்களைப் பளிச்சென்று ஆக்கும். பேழை என்றால் நகைதான் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் போய் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

> வகைகளுக்கும் சொல் வேண்டும். எதை வாங்குவது என்றும் சொன்னால் புண்ணியம்.

பெட்டியின் அடியிலிருக்கும் குருணையை, அதைக் காற்றோடு பீய்ச்சும் துப்பாக்கியே இழுத்துக்கொள்வது உறிஞ்சு வகை. தனிக் கலனில் காற்றழுத்தம் ஏற்றித் தள்ளுவது அழுத்தக்கலன் வகை. பின்னது வேகமாக அரிக்கும், விலையும் பராமரிப்பும் கூட. வீட்டுக்கு உறிஞ்சு வகை போதும்.

ஆனால் பெட்டியைப் பார்க்கும் முன் அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரைப் பாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரஸர் ஏறக்குறைய 7 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 7 கன அடி காற்று தரும், சாதாரண உறிஞ்சு துப்பாக்கி 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 10, 15 சிஎஃப்எம் என்று கேட்கும். கொஞ்ச நேரம் சீறும், அப்புறம் டேங்க் காலியாகி வெறும் காற்றாக ஊதும், மோட்டார் நிற்காமல் ஓடிச் சூடேறும். துப்பாக்கி முனையிலுள்ள நாசிலின் துளை விட்டம் இருமடங்கானால் காற்றுத் தேவை நான்கு மடங்காகும், அதனால் சின்னத் துளையில் தொடங்குங்கள்.

புதுச்சேரியில் இன்னொரு தொல்லை ஈரம். கம்ப்ரஸரிலிருந்து சூடாக வரும் கடல்காற்று ஆறும்போது தண்ணீராகச் சொட்டும், குருணை கட்டிபிடித்து நாசிலை அடைக்கும். ஈரம் பிரிப்பானைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டுவது வீண், காற்று குழாயில் ஓடி ஆறிய பிறகு, பெட்டிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். துருவெடுத்த இரும்பையும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். இந்தக் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் மறுபடி செம்பழுப்பு படிந்துவிடும்.

அளவுக்கு, அம்பாசடரின் 15 அங்குல ரிம் உள்ளே போய்க் கையுறையோடு திருப்ப இடமிருந்தால் சஸ்பென்ஷன் ஆர்ம், பிராக்கெட் எல்லாம் போகும். பானெட், கதவு போன்ற மெல்லிய தகட்டை இதில் நினைக்காதீர்கள், நெளிந்துபோகும். தூசி உறிஞ்சி இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஒரு நிமிடத்தில் உள்ளே புகைமூட்டம், எதை அடிக்கிறோம் என்றே தெரியாது. எர்த் கம்பியும் கொடுங்கள், இல்லையென்றால் துப்பாக்கி பிடித்த கையில் சுரீர் சுரீர் என்று ஷாக் அடிக்கும்.

நாசிலுக்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. கூர்வாய் என்று ஒருவர் எழுதியிருந்தார், தேய்ந்து அகன்ற பிறகும் அதைக் கூர்வாய் என்பதா? ஊதுவாய் என்று வைத்தால் எப்படி இருக்கும்?