மறுமொழி: ‘கபால ஏற்றம்’, ‘தோள் ஏற்றம்’ ஆகியவற்றுக்கு மாற்றுச் சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

தமிழாக்கப்படும் வேட்டைக் கையேட்டுக்காக, வேட்டைத் தலைகளைச் சுவரில் வைக்கும் இரண்டு முறைகளுக்குச் சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன: மண்டையோட்டை மட்டும் வைப்பதற்குக் ‘கபால ஏற்றம்’, தோலோடு தோள்வரை உருவமாக்கி வைப்பதற்குத் ‘தோள் ஏற்றம்’. இவற்றை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஏற்றம் என்றதும் கிணற்று ஏற்றமும் விலையேற்றமும் நினைவுக்கு வருமே ஒழிய, ஆணியில் தொங்கும் மான்தலை நினைவுக்கு வராது. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. இரண்டு சொற்களும் ஒரே ஈற்றைக் கொண்டு முடிவதால், இவை ஒரே வேலையின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். ஆனால் ஒன்றில் எஞ்சுவது எலும்பு, மற்றொன்றில் எஞ்சுவது தோல். எதை வைத்துக்கொள்வது என்று வேட்டைக்காரர் தேர்வு செய்வதே இந்த வேறுபாட்டின் மேல்தான் என்பதால், சொற்களும் அதைக் காட்டியாக வேண்டும்.

எங்கள் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், பழைய பங்களாச் சுவர்களில் மயிரோடு இருக்கும் தலையைப் ‘பாடம் பண்ணின தலை’ என்றும், எலும்பாக இருப்பதை வெறுமனே ‘மண்டை’ என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மலையாளம் பேசும் அண்டை வீட்டார் இரண்டாவதைத் ‘தலையோட்டி’ என்பார்கள். மூணாற்று ஹை ரேஞ்ச் கிளப்பின் சுவர்களில் தோட்டத்துரைமார் காலத்து வேட்டைத் தலைகளை இன்றும் காணலாம். அங்கே நின்று பார்க்கிற எவருக்கும், பாடம் என்ற சொல் தோலுக்கே உரியது, எலும்புக்குப் பொருந்தாது என்பது விளங்கும். தோலைப் பதப்படுத்தி, உயிரோடு இருந்த உருவத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் பாடம். மண்டையோட்டில் அப்படித் திரும்பக் கொண்டுவர எதுவும் இல்லை; இருப்பதைத் துப்புரவாக்கி வைக்கிறோம், அவ்வளவே.

ஆகவே ‘தோள் ஏற்றம்’ என்பதற்கு மாற்றாகத் ‘தோள்வரைப் பாடம்’ என்பது என் முன்மொழிவு. ‘தோள் பாடம்’ என்று சுருக்க வேண்டாம் என்பதற்குக் காரணம், அதில் தோள் எலும்பும் கிடையாது, தோள் தசையும் கிடையாது. இன்று கடைகளில் கிடைக்கும் பாலியூரிதேன் நுரை வடிவத்தின் மேல், பதனிட்ட தோலை இழுத்துப் பசையிட்டுப் பொருத்தி, கண்ணாடிக் கண் பதித்து, பிடரியில் தைத்து முடிக்கிறார்கள். மானாக இருந்தால், மண்டையின் உச்சியிலிருந்து கொம்போடு சேர்த்து அறுத்த ஒரு சில்லை மட்டும் அந்த நுரையில் திருகாணி கொண்டு முடுக்குவார்கள். விலங்கினுடையதாக அங்கே மிஞ்சுவது தோலும் கொம்பும் அந்தச் சில்லும்தான். பழைய தலை ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் இந்தக் கட்டுமானம் தானே வெளிப்பட்டுவிடும்: கண்ணின் உள்மூலையில் தோல் சுருங்கி ஒரு வெடிப்பு விட்டிருக்கும், உதடு பின்வாங்கி அடியில் உள்ள பூச்சு தெரியும், காதின் விளிம்பு காய்ந்த வெற்றிலைபோல் மடங்கியிருக்கும்.

‘கபால ஏற்றம்’ என்பதற்கு மாற்றாக ‘முழுமண்டை’ என்பதை வைக்கிறேன். திருநெல்வேலி அன்பர் முன்வைத்த ‘வெண்மண்டை’ கேட்க அழகாக இருக்கிறது; ஆனால் எல்லா மண்டைகளையும் வெளுப்பதில்லை, பழுப்பாகவே விடுபவர்களும் சாயம் ஏற்றுபவர்களும் உண்டு. ‘மண்டைப் பலகை’ என்றால், பலகையே இல்லாமல் இரும்புக் கொக்கியில் மாட்டும் இன்றைய வழக்கத்துக்குப் பொருந்தாது. ‘முழு’ என்ற அடை இருப்பதால், மேலே சொன்ன சில்லோடு மட்டும் கொம்பைப் பலகையில் அடிக்கும் மூன்றாவது முறையிலிருந்து இது தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. அந்த மூன்றாவதைக் ‘கொம்புப் பலகை’ என்றும், சில்லை ‘மண்டைச் சில்லு’ என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வேட்டைத் தலைகளை அளந்து பதிவுசெய்யும் அமெரிக்காவின் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் அளவீட்டு முறையில், கொம்புகளை 60 நாள் காற்றில் உலரவிட்ட பிறகே அளக்கிறார்கள். மண்டைச் சில்லு இரண்டாகப் பிளந்திருந்தால், கொம்புகளுக்கு இடைப்பட்ட அகலத்தை நம்ப முடியாது என்பதால் அந்தத் தலையைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

கையேட்டை மொழிபெயர்க்கும் ஐயா, எந்த முறையைத் தேர்வது என்ற இயலில் ‘வேகவைத்தல்’ என்ற சொல்லை மாற்றும்படி வேண்டுகிறேன். முழுமண்டையைக் கொதிக்கவிட்டால் மூக்கின் உள்ளே சுருள்சுருளாக இருக்கும் மெல்லிய எலும்புகள் உடைந்து உதிரும், பொருத்துகள் நெகிழும், எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு ஊறி எலும்பு மஞ்சளாகும். கொதிநிலைக்குக் கீழே, சவர்க்காரம் கலந்த நீரில் பொறுமையாக வைப்பதே முறை என்பதால் ‘இளவெந்நீரில் ஊறவைத்தல்’ போன்ற ஒரு தொடர் வேண்டும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுகிறது; வீட்டு ப்ளீச்சிங் திரவம் எலும்பையே அரித்துவிடும். பெராக்சைடு பட்டால் கொம்பின் நிறமும் போய்விடும் என்பதால் அடிப்பகுதியைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் ‘கொம்பு’ என்ற ஒரே சொல்லோடு காலம் தள்ள முடியாமல் போகிறது. கடமானின் கொம்பு முழுதும் எலும்பு, விழுந்து மீண்டும் முளைப்பது, கிளைப்பது. காட்டுமாட்டுக்கும் வரையாட்டுக்கும் இருப்பது, எலும்புத் தண்டின் மேல் நகப்பொருளாலான உறை. அது விழாது, கிளைக்காது. முழுமண்டை செய்யும்போது முதல்வகையை நீருக்கு மேலே நிறுத்த வேண்டும். இரண்டாம் வகையில் உறையை ஊறவைத்துக் கழற்றி, உள்ளே அழுகும் பொருளைத் துடைத்துவிட்டு, மறுபடி ஒட்ட வேண்டும். ஒரே சொல்லை இரண்டுக்கும் எழுதினால், படிப்பவர் மான்கொம்பைக் கழற்றப் பார்ப்பார். ‘கிளைக்கொம்பு’, ‘உறைக்கொம்பு’ என்று பிரித்தால் செய்முறையே சொல்லில் இருக்கும். கிளை விடாத இளம் மான்கொம்பை எப்படிக் கிளைக்கொம்பு என்பது என்று யாரேனும் கேட்கக்கூடும். இனத்தின் பெயராக வைக்கிறோம். அந்த விதிவிலக்குக்காகச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை.

பராமரிப்புப் பற்றிய பகுதியில் நம் ஊர் வாசகரை நினைத்து ஒரு குறிப்புச் சேர்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் நேராக வந்து தங்கும் எங்கள் மலைகளில் தோள்வரைப் பாடத்துக்குப் பூசணமும் பூச்சியும் ஓயாத பகை. அருங்காட்சியகங்களில் எலும்பிலிருந்து தசையைத் தின்னவைத்து மண்டையைத் துப்புரவாக்கப் பயன்படுத்தும் வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தவையே பாடம் பண்ணிய தோலையும் தின்று தீர்க்கின்றன. அந்தப் பூச்சிக்கு அஞ்சித்தான் முற்காலத்தில் தோலின் உட்புறம் ஆர்சனிக் கலந்த சவர்க்காரம் பூசினார்கள். எனவே பழைய தலைகளை வெறுங்கையால் தடவுவதும் தூசி தட்டுவதும் ஆகாது. முழுமண்டைக்கு இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. செலவும் குறைவு, இடமும் குறைவு. அப்படியிருந்தும் தோள்வரைப் பாடத்தையே விரும்புகிறவர்கள், விலங்கின் முகம் வேண்டும் என்பதற்காக விரும்புகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் கெட்ட கைவினைஞரிடம் போனால் முகமும் கிடைக்காது.

சட்டத்துக்கு எலும்பும் தோலும் ஒன்றுதான். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பாடம் பண்ணியதையும் கொம்பையும் எலும்பையும் ஒரே வரையறைக்குள் வைக்கிறது. தாத்தா காலத்துத் தலை வாரிசுரிமையாக வந்தால், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 90 நாளுக்குள் முதன்மை வனவுயிர்க் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். இக்கையேட்டின் ‘தேர்வு’ என்பது வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளுக்கு உரியது என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இறுதியாக, தோள்வரைப் பாடத்துக்காகத் தோளின் பின்புறத்திலிருந்து முகம் வரை உரித்தெடுக்கும் தோலுக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. ‘cape’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மேலங்கித் தோல்’ என்ற நேர்பெயர்ப்பு வேண்டாம். யாழின் பத்தர் (குடம் போன்ற அடிப்பாகம்) மேல் இழுத்துப் போர்த்தித் தைத்த தோலைப் பொருநராற்றுப்படை ‘போர்வை’ என்கிறது. வேறொரு வடிவத்தின் மேல் தோலை இழுத்துத் தைப்பதுதான் இங்கும் நடப்பதால் ‘போர்வைத்தோல்’ என்றே வைக்கலாம். வேட்டைக்காரர்கள் இதைக் கழுத்தருகே குட்டையாக வெட்டிவிடுவதே பாடம் செய்பவர்களின் நீங்காத குறை. ஆகவே இச்சொல்லுக்கு எழுதும் விளக்கத்தில், முன்னங்காலுக்கு வெகுவாகப் பின்னே, விலாப்பகுதியில் சுற்றி வெட்டப்படுவது என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.