கலிஃபோர்னியாவில் விவாகரத்துச் செலவு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அக்கா விவாகரத்துக்கு மனு போடப் போகிறார். மனுக் கட்டணம் 435 டாலருக்குக் குறையாது, வருமானம் குறைவென்றால் தள்ளுபடி கேட்கலாம், தீர்ப்புக்குக் குறைந்தது 6 மாதம் ஆகும் என்பதுவரை தெரியும். யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல்.

கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து சரிபாதி, சரி. கடனுமா? கணவர் வாங்கிய கார்டு கடன் ரசீதுகளை, மகன் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னிடம் அழுகிறார். தாங்க முடியவில்லை.

அங்கே இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: வக்கீலுக்கு முன்பணமாக எவ்வளவு கேட்டார்கள்? சமரசப் பேச்சில் முடித்தால் செலவு குறைந்ததா? அப்புறம், அக்கா எச்4 விசாவில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கிடைப்பது) இருக்கிறார். தீர்ப்பு வந்துவிட்டால் அது செல்லாது. அதற்குள் என்ன செய்யலாம்?