மெசி 35 உழவு மெசினுக்கு ரிங் மட்டும் போட்டால் காணுமோ?

கராச்சுக்காரன்:
முந்தநாள் இங்க ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "பழைய மெசி 35, புகை தள்ளினால் ரிங் செற் மட்டும் மாத்துங்கோ, சிலீவில கை வைக்காதேங்கோ, அரைவாசிக் காசில எஞ்சின் புதுசாகும்" எண்டு. வாசிச்ச நேரத்தில இருந்து எனக்குப் பத்துது. சிலீவ் எண்டது பிஸ்ரன் ஓடுற குழாய், ரிங் பிஸ்ரனைச் சுத்திக் கிடக்கிற வளையம். தேய்ஞ்ச சிலீவுக்குப் புது ரிங் போட்டால் காசு மிஞ்சாது. ரெண்டாந்தரமும் எஞ்சினைக் கழட்ட வேண்டி வரும்.

வயல்வழி:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேக்கலாம், அண்ணை. அப்பாவின்ர 35, மூண்டு சிலிண்டர். போன காலபோகத்துக்கு முந்தி ரிங், பிக் எண்ட் பெயரிங், ஹெட் கஸ்கற் மட்டும்தான் போட்டனான். 40 ஏக்கர் உழுதிட்டுது. இப்பவும் ஓடுது.

கராச்சுக்காரன்:
சிலீவை அளந்தனீங்களோ?

வயல்வழி:
விரலால தடவிப் பாத்தனான். மேல, ரிங் எட்டாத இடத்தில நிக்கிற வரம்பு கொஞ்சம்தான் தட்டுப்பட்டுது. அதைச் சுரண்டி எடுத்துப்போட்டு ஹோன் கல்லால உரஞ்சினனான்.

கராச்சுக்காரன்:
விரலுக்கு என்ன தெரியும்? மேல் ரிங் நிண்டு திரும்புற இடத்தில ஒயில் குறைவு. வெடிக்கிற அமுக்கமும் பின்னால நிண்டு ரிங்கைச் சிலீவோட நெரிக்கும். அதால அங்கதான் கூடத் தேயும். வரம்பைச் சுரண்டினாப் போல கீழ இருக்கிற தேய்மானம் நிரம்புமோ? ரிங் ஒவ்வொருக்கா மேல போகேக்கயும் விரிஞ்சு, கீழ வரேக்கச் சுருங்கும்.

காசில்லாமலே அளக்கலாம். ரிங்கைச் சிலீவின்ர அடியில, தேயாத இடத்தில நேரா வைச்சு வாய் இடைவெளியை, அதுதான் ரிங்கின்ர ரெண்டு நுனிக்கும் இடையில இருக்கிற வெட்டை, ஃபீலர் கேஜ் எண்ட மெல்லிய அளவுத் தகட்டால பாருங்கோ. பிறகு மேல வைச்சுப் பாருங்கோ. அடியில 16 தௌ (ஒரு தௌ, இஞ்சியில ஆயிரத்தில ஒண்டு), மேல 38 தௌ எண்டால் வித்தியாசம் 22. விட்டம் எடுக்க 3.14ஆல பிரிச்சால் 7 தௌ தேய்ஞ்சிருக்கு. அதுக்குப் புது ரிங் போட்டுப் பிரயோசனமில்லை. அளந்தனீங்களோ இல்லையோ?

சேத்துச்சில்லு:
சிலீவ் மாத்துறது பெரிய வேலையே? என்ர 35க்கு ரப்பர் வளையத்தோட நாலு சிலீவையும் கையாலயே இறக்கினனான்.

கராச்சுக்காரன்:
நாலு சிலீவோ? தம்பி, உங்கட மெசின் 1959க்கு முந்தின ஸ்ராண்டட் 23சி எஞ்சின். அதுக்கு ஈர சிலீவ், தண்ணி வெளியால முட்டும். நாங்கள் கதைக்கிறது மூண்டு சிலிண்டர் பேர்கின்ஸ் 3.152 எஞ்சின். போர் (சிலிண்டர் விட்டம்) 3.6 இஞ்சி, ஸ்ட்ரோக் (பிஸ்ரன் ஓடுற தூரம்) 5 இஞ்சி, தண்ணி படாத உலர் சிலீவ். அதில ரப்பர் வளையமே இல்லை.

சேத்துச்சில்லு:
பொனற்றில 35 எண்டுதான் கிடக்கு. எங்கட மெசின் 35 இல்லையெண்டு சொல்ல நீங்கள் ஆர்?

கராச்சுக்காரன்:
35 இல்லையெண்டு நான் எங்க சொன்னனான்? வாசிச்சுப்போட்டு எழுதுங்கோ. விடியப்புறம் ஸ்ராட் எடுக்க அந்த நாலு சிலிண்டர் படுத்துற பாட்டை நான் பாத்தனான்.

சேத்துச்சில்லு:
என்ரது ஒரே தட்டில ஸ்ராட். வந்து பாருங்கோ.

வயல்வழி:
விசயத்துக்கு வாறன். அண்ணைக்கு மச்சான்ர லேத் பட்டறை இருக்கு. எல்லாரும் சிலீவ் அடிச்சால் ஆருக்கு லாபம்? போன வருசம் பிஸ்ரன் சுத்துற கிராங் தண்டை 10 தௌ அரைக்க வேணும் எண்டு சொன்னதும் இவர்தான். நான் அரைக்கேல்லை. அதுவும் ஓடுது.

கராச்சுக்காரன்:
லேத்தை இழுக்காதேங்கோ. போர் பண்ணி முடிச்ச சிலீவும் கடையில கிடக்கு, அதுக்கு லேத்தே வேண்டாம். அந்தக் கிராங்கில கீறல் இருந்ததை நீங்களே படம் போட்டுக் காட்டினியள். இப்ப மறந்துபோச்சோ? அளவு ஒண்டையும் காணேல்லை, "ஓடுது, ஓடுது" எண்டால் என்ன கதை? 40 ஏக்கருக்கு எத்தினை லீற்றர் ஒயில் ஊத்தினனீங்கள்?

வயல்வழி:
பழைய மெசின் ஒயில் குடிக்காமல் என்ன செய்யும்? சிலீவ் செற் வாங்கிற காசுக்கு எனக்கு ஒரு போகத்து விதைநெல்லும் பசளையும் வரும். கையில இருந்த காசுக்கு ஏத்த வேலையைத்தான் செய்தனான். அதைப் பிழையெண்டு சொல்ல வேண்டாம்.

கராச்சுக்காரன்:
உங்கட காசைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை. சிலீவில கை வைக்காதேங்கோ எண்டு ஊருக்கே எழுதினனீங்கள், அதைத்தான் கேக்கிறன்.

குளக்கட்டு:
இடையில வாறன், மன்னிக்கவேணும். என்ர மெசி 135க்கும் இதே பேர்கின்ஸ்தான். ஹெட் கஸ்கற் ஒரிஜினல் போடுறதோ, மலிவானது காணுமோ?

கராச்சுக்காரன்:
கஸ்கற் கிடக்கட்டும். முதல் சிலீவை அளவுங்கோ. வயல்வழியும் அளந்துபோட்டு வரட்டும்.

வயல்வழி:
நாளைக்கு உழவு இருக்கு. எஞ்சினைக் கழட்ட எனக்கு நேரமில்லை.