பொருள்: சயனைடு மேட்டைத் திரும்பத் தோண்டும் விஷயம்

கேஜிஎஃப் (கோலார் தங்க வயல்) சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிவைத்த கழிவு மண்தான் நம் சயனைடு மேடு. அந்த மேட்டு மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததைப் பற்றிப் பேச்சு வந்ததிலிருந்து குழுவில் ஒரே கொண்டாட்டம். மறுபடியும் வேலைக்குக் கூப்பிடும் சுரங்கச் சங்கு ஊதும் என்கிறீர்கள். எனக்கும் ஆசைதான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூர் போய்வரும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் கணக்கைப் பாருங்கள். 13 மேடுகள், ஏறக்குறைய 3.3 கோடி டன் மண். டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. அந்த ஒரு கிராமுக்காக ஒரு டன்னுக்கு மேல் மண்ணைக் கிளறி, மறுபடி ரசாயனத்தில் ஊறவைத்து, மறுபடி எங்கோ கொட்ட வேண்டும். எங்கே? மேடு காலியாகிவிடும் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். காலியாகாது அண்ணே, இடம்தான் மாறும்.

சயனைடு என்ற பேரைக் கேட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது வெயில் பட்டு நாளாவட்டத்தில் பெரும்பாலும் சிதைந்துவிடும். தங்கப் பாறையோடு சேர்ந்து வரும் ஆர்செனிக் போன்றவை அப்படிச் சிதையாது. பாறைக்குள் அடைந்து கிடந்த, கந்தகம் கலந்த சல்பைடு தாதுவை அரைத்துக் கொட்டினால் மழையும் காற்றும் பட்டு அமிலம் ஊறும். அதோடு உலோகமும் கரைந்து ஓடைக்கும் கிணற்றுக்கும் இறங்கும்.

அப்புறம் தூசி. ஆடிக் காற்றில், தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீட்டு அம்மாக்கள் சோற்றுக் குண்டானைத் துணியால் கட்டி வைத்தது மறந்துவிட்டதா? கொடியில் காய்ந்த வேட்டியை உதறினால் சாம்பல் நிறத்தில் பறக்குமே, ராகி மாவைவிட மெல்லிசாக. குவார்ட்ஸ் கலந்த தூசி அது. சுரங்கத்துக்குள் நம் பெரியவர்கள் அதே தூசியை மூச்சில் இழுத்துத்தான் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து இருமி இருமிப் போனார்கள்.

நான் இருக்கும் மெல்போர்னிலிருந்து ரெண்டு மணி நேரத்தில் பெண்டிகோ. அதுவும் 1850-களில் தங்கத்தால் வளர்ந்த ஊர்தான். பழைய சுரங்க மணலில் ஆர்செனிக் இருக்கிறது, பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள், அதைக் காய்கறித் தோட்டத்தில் போடாதீர்கள் என்று அங்கே அரசே சொல்கிறது. நாமோ மேட்டில் சறுக்கி விளையாடி, கால் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்த கூட்டம்.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தால் விஷத்தைப் பிரித்து, அடியில் தளம் போட்டு, மேலே மண் மூடிச் செடி வளர்க்கலாம். இப்போதிருப்பதைவிட அது மேல். அதனால் சங்கத்தின் பெயரில் ஒரு மனு கொடுப்போம்: தோண்டுவதற்கு முன்பே சுற்றுவட்டாரக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும், தோண்டும்போது தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும், கழிவு போகும் இடத்தை வரைபடத்தோடு காட்ட வேண்டும்.

தமிழில் நான் எழுதிவிடுகிறேன். அலுவலகத்தில் கொடுக்க நல்ல கன்னடம் வேண்டும். ராபர்ட்சன்பேட்டையில் கன்னட மீடியம் படித்த அக்கா யாராவது இருந்தால் கை கொடுங்கள்.