மெயில் சர்வர் ஸ்டோரேஜ்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

இரவுப்பணி:
ரெண்டு நோடு (சர்வர்), நடுவுல டிஆர்பிடி (ஒரு சர்வரோட டிஸ்க்கை நெட்வொர்க் வழியா அடுத்ததுக்கு அப்படியே காப்பி பண்றது), மேல மெயில்டிர் (மெயிலைச் சேமிக்கிற முறை). ஃபென்சிங் (தொடர்பு போன நோடை வலுக்கட்டாயமா அணைக்கிற ஏற்பாடு) கேட்டேன், பட்ஜெட் இல்லைன்னுட்டாங்க. ஒரு மத்தியானம் ரெப்ளிகேஷன் ஸ்விட்ச் தொங்கிருச்சு. அடுத்தவன் செத்துட்டான்னு நினைச்சு ரெண்டு நோடும் பிரைமரி (எழுத உரிமை உள்ள சர்வர்) ஆகி, ஒரே ஐபியைப் பிடிச்சுக்கிச்சு. அக்கவுண்ட்ஸ் அக்கா போனோட வந்து நின்னாங்க: "தம்பி, பேங்க் மெயில் இதுல இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்லையே?" ரெண்டு பக்கமும் புது மெயில் வந்து விழுந்துட்டே இருக்கு. எந்தப் பக்கத்தைத் தூக்கிப் போடட்டும்னு டிஆர்பிடி என்னையே கேக்குது. என்னத்தச் சொல்ல?

கதவெண்25:
ஃபென்சிங் இல்லாததை ரிடண்டன்ட்னு (ஒண்ணு போனாலும் தாங்கும்னு) சொல்லாதீங்க, ப்ளீஸ். எங்க கதை வேற. டிஸ்க்ல இடமில்லைன்னு லாக் கத்துது, பார்த்தா பாதிக்கு மேல காலி. ஐநோடு (ஃபைலுக்கு ஒண்ணுன்னு வேண்டிய பதிவு) தீர்ந்திருக்கு! மெயில்டிர்ல மெயிலுக்கு ஒரு ஃபைல். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் டிஃபால்ட்ல 16 கேபிக்கு ஒரு ஐநோடு. எங்க அலர்ட் மெயிலெல்லாம் பொடிசு. வால்யூமைப் பெருசாக்கினாலும் அதே விகிதத்துலதான் கூடும்.

பழையரெய்டு:
எனக்கு ரெய்டு 5 (பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒண்ணு போனாலும் தாங்குற ஏற்பாடு), போன டிஸ்க்குக்குப் பதிலா ரீபில்டு ஓடும்போதே ரெண்டாவது டிஸ்க் போச்சு. அவ்வளவுதான் கதை.
ஆனா ஒண்ணு சொல்றேன். மெயிலுக்கு ரெய்டு 5 வேண்டாம். ஒரு சின்ன ரைட்டுக்கு ரெண்டு ரீடு, ரெண்டு ரைட்டு. ரெய்டு 10 (டிஸ்க்கை ஜோடி ஜோடியா மிரர் பண்றது) போடுங்க. எஸ்எஸ்டி வாங்கினா பவர் போனாலும் தாங்குற கெப்பாசிட்டர் இருக்கான்னு பாருங்க. மெயிலை டிஸ்க்ல எழுதி முடிச்ச பிறகுதான் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புற சாஃப்ட்வேர்) 250 ஓகே, அதாவது வாங்கிட்டேன்னு, சொல்லும். என்எஃப்எஸ்ல (நெட்வொர்க்ல பகிர்ற டிஸ்க்) ஒரே ஆளோட மெயில்பாக்ஸை ரெண்டு டவ்காட் (மெயில்பாக்ஸைப் படிக்கக் கொடுக்கிற சாஃப்ட்வேர்) ஒரே நேரத்துல தொடக் கூடாது, இண்டெக்ஸ் கெடும். டவ்காட்டோட சொந்த ரெப்ளிகேஷனை நம்பி இருந்தவங்க கவனிங்க, 2.4ல அதை எடுத்துட்டாங்க. வர்ற மெயிலுக்குப் பயப்பட வேண்டாம். நம்ம சர்வர் கொஞ்ச நேரம் படுத்தா அனுப்புறவங்க க்யூல நிக்கும், போஸ்ட்ஃபிக்ஸ்ல டிஃபால்ட் 5 நாள். மெயில்பாக்ஸ்தான் உயிர். அதுக்கு ரெய்டு போக தனியா பேக்கப்பும் வேணும். தெரியாம அழிச்சா மிரர்லயும் சேர்ந்துதான் அழியும்.

இரவுப்பணி:
சார், ஆலோசனை யார் கேட்டா? @கதவெண்25, பட்ஜெட் உங்க பாக்கெட்லருந்து வருதா?
மீதிக் கதை: ஒரு நோடோட காப்பியைத் தனியா மவுண்ட் பண்ணி, அதுல மட்டும் இருந்த மெயிலை இந்தப் பக்கம் கொண்டு வந்தோம். மெயில்டிர் ஃபைல் பேர்ல நேரமும் ஹோஸ்ட் பேரும் இருக்கு, அதனால மோதல. படிச்சாச்சுங்கிற கொடியும் பேர்லயே ஒட்டியிருக்கு, அதனால கோலனுக்கு முந்தின பாகத்தை மட்டும் ஒப்பிட்டோம். பேங்க் மெயில் கிடைச்சிருச்சு. ஆனா அந்த நேரத்துல இந்தப் பக்கம் அழிச்ச மெயில் எல்லாம் எழுந்து வந்துடுச்சு. அழிச்சது எது, புதுசா வந்தது எதுன்னு பிரிக்க யார்கிட்டயாவது ஸ்கிரிப்ட் இருக்கா?